கூடிப்போன இருபது சென்றிமீற்றர்

"நங்கி, சிமெந்தி இவரய்!"

சோமபால பாஸ் மேலேயிருந்து கத்தினார். தோட்டத்துக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமத்து மேசன் அவர். எங்களோடு பேசும்போது தமிழும் சிங்களமும் பாதிப் பாதியாக வரும். பதற்றம் வந்துவிட்டால் தமிழ்ப் பாதி ஓடிப்போய்விடும். அன்று அது ஓடிப்போயிருந்தது. தங்கச்சி, சீமெந்து தீர்ந்துவிட்டது என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

நான் அப்போது தண்ணீர்த் தாங்கிக்குள் நின்றுகொண்டிருந்தேன். வயிறு பெருத்த பானை மாதிரி உருண்டையான தாங்கி. பாதி மண்ணுக்குள்ளே, பாதி மண்ணுக்கு மேலே. கையில் சாந்துத் தாச்சி. முழங்கால் வரை சீமெந்துக் கறை. சுற்றிலும் ஈரச் சாந்தின் வாடை.

அண்ணாந்து பார்த்தேன். மேலே வானம் பெரிய வட்டமாகத் தெரிந்தது. ஒருத்தர் கை கால் நீட்டிப் படுத்தாலும் மிச்சமிருக்கும் அகலம். அந்த வட்டம் அங்கே இருக்கவே கூடாது. என் கணக்குப்படி பன்னிரண்டு மூட்டைச் சீமெந்தில் தாங்கி உச்சிவரை மூடியிருக்க வேண்டும். ஆள் இறங்குகிற ஓட்டை மட்டுமே மிஞ்ச வேண்டும்.

"நல்லாப் பாருங்க பாஸ். சாக்குக்குக் கீழ ஒரு மூட்டை இருக்கும்."

"சாக்குக்குக் கீழயும் சாக்குத்தான் நங்கி."

"ஐயோ" என்றேன். தாங்கி அந்த ஐயோவை நாலைந்து தடவை எனக்கே திருப்பிச் சொன்னது.

போன வாரம் தொட்டில் கயிறு அறுந்த கதையை எழுதியதும், "உங்கள் தோட்டத்தில் ஒரு காரியம்கூட நேராக நடக்காதா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். நடக்காதம்மா. இதையும் கேளுங்கள்.

ஊரெல்லாம் தண்ணீர்

எங்கள் தோட்டம் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே. வாசலில் நின்றால் கீழே அணைக்கட்டுத் தண்ணீர் தகதகவென்று தெரியும். அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுத்துக் கொழும்பு வரைக்கும் விளக்கெரிக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் மேல் லயத்தில் முகம் கழுவத் தண்ணீர் கிடையாது.

மேல் லயம் என்பது மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரே கூரையின் கீழ் பத்து வீடுகள். அதில் எட்டாவது எங்களுடையது. தண்ணீர் விழுகிற பீலி இருந்ததோ கீழ் லயங்களுக்குப் பக்கத்தில். இருநூற்றுச் சொச்சம் படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுகமாகத்தான் இருக்கும். குடத்தோடு ஏறிப் பாருங்கள், தெரியும்.

அம்மா விடிகாலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். பீலியில் வரிசை பிடித்து, மூன்று நடை தண்ணீர் தூக்கி, ரொட்டி சுட்டு, ஆறரைக்குப் பெரட்டுக் களத்துக்கு ஓடவேண்டும். அங்கே பெயர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் அந்த நாலு மணி மாறாது. நானும் தங்கச்சியும் கூடவே தூக்குவோம். ஆனால் அம்மாவுக்கு முன்னால் எழுந்துவிட எங்களால் ஒருநாளும் முடிந்ததில்லை.

நாற்பது வீட்டுப் பட்டியல்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். தண்ணீர்த் திட்டம் போடுகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தது. அதன் உத்தியோகத்தர் நடேசன் சேர், யாழ்ப்பாணத்துக்காரர். மோட்டார் சைக்கிளில் வருவார். அட்டை கடிக்குமென்று காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகியிருப்பார். அப்படியும் கடிக்கும்.

எங்கள் லயத்துக்கு மேலே, பள்ளத்துக்கு அப்பால் காட்டுக்குள் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. அதைக் குழாயில் கொண்டுவந்து, மேல் லயத்துக்கு மேலே ஒரு தாங்கியில் நிரப்பி, அங்கிருந்து எல்லா லயங்களுக்கும் விடுவது திட்டம். எல்லாரும் விடிகாலையில் ஒரே நேரத்தில் தண்ணீர் பிடிப்பார்கள். ஆகவே இரவிலேயே தாங்கி நிரம்பி நிற்க வேண்டும். வீட்டுக்கு இருநூறு லீற்றர் என்பது அவர்கள் விதி.

நடேசன் சேர் கொண்டுவந்த படத்தில் இருந்தது பெட்டித் தாங்கி. நீளம் இரண்டு மீற்றர், அகலம் இரண்டு, உயரம் இரண்டு. எட்டாயிரம் லீற்றர் பிடிக்கும். அதற்குப் பன்னிரண்டு மூட்டைச் சீமெந்து, கம்பி வலை. வேலையை நாங்கள் செய்யவேண்டும்.

எட்டாயிரத்தை இருநூறால் வகுத்தால் நாற்பது வீடு. எங்கள் பிரிவில் இருந்தது ஐம்பது வீடு.

தோட்டத் தலைவர் பட்டியல் எழுதினார். கீழிருந்து தொடங்கி எழுதிக்கொண்டே வந்தார். நாற்பது முடிந்ததும் பேனாவை மூடிவிட்டார். மிஞ்சியது எங்கள் பத்து வீடு. தாங்கி எங்கள் தலைக்கு மேலே. குழாய் எங்கள் வாசலைத் தாண்டிக் கீழே போகும். தண்ணீர் மட்டும் எங்களுக்கு இல்லை.

"அடுத்த தடவ பாப்போம் தாயி" என்றார் தலைவர்.

அடுத்த தடவை என்றால் என்ன அர்த்தமென்று தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் அவர் பேனாவைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தேங்காய்ப்பூ மிஞ்சிய நாள்

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. ஓ.எல். பரீட்சையில் கணிதம் மட்டும் இரண்டு தடவை கவிழ்ந்திருந்தேன். மூன்றாம் தடவைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கவிழ்த்தது எது தெரியுமா? உருண்டை. கோளம், கூம்பு, உருளை என்று எதைக் கண்டாலும் எனக்குத் தலை சுற்றும். மேற்பரப்புக்கான சூத்திரத்தைக் கனவளவுக்குப் போடுவேன், கனவளவுக்கானதை மேற்பரப்புக்குப் போடுவேன். திருத்தியவர் பாவம்.

பிள்ளைகளுக்கு மாலையில் சத்துமா கொடுப்போம். சீனிப்பாணியில் பிசைந்து, தட்டில் பரப்பி, சதுரமாக வெட்டி, ஒட்டாமலிருக்கத் தேங்காய்ப்பூவில் புரட்டிக் கொடுப்பது வழக்கம். ஒருநாள் கத்தியைக் காணவில்லை. சரியென்று உருண்டை பிடித்துவிட்டேன். அதே அளவு மா. அதே முப்பது துண்டு. கடைசியில் பார்த்தால் ஒரு கிண்ணம் தேங்காய்ப்பூ மிச்சம்.

யாராவது குறைத்துப் போட்டார்களா? இல்லை. நான்தான் புரட்டினேன். மறுநாள் வேண்டுமென்றே சதுரமாக வெட்டினேன். தேங்காய்ப்பூ மிஞ்சவில்லை. அதற்கடுத்த நாள் உருண்டை. மிஞ்சியது.

அட! ஒரே அளவு மாவை உள்ளே வைத்துக்கொள்ள உருண்டைக்குக் குறைந்த தோல் போதும். புத்தகத்தில் இரண்டு வருடமாக என் மூஞ்சிக்கு நேரே இருந்த விஷயம் இதுதானா? சந்தோஷத்தில் ஒரு பிள்ளையைத் தூக்கிச் சுற்றினேன். அது பயந்து அழுதது.

அப்படியானால் தாங்கிக்கும் அதுதானே? உள்ளே தண்ணீர், வெளியே சீமெந்து. அன்று மாலை கடந்தகால வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

பெட்டிக்கு ஆறு முகம். முகத்துக்கு நான்கு சதுர மீற்றர். மொத்தம் இருபத்து நான்கு. அதே சீமெந்தில் ஓர் உருண்டை கட்டினால் அதன் ஆரை, அதாவது நடுவிலிருந்து சுவர் வரைக்கும், ஒரு மீற்றர் நாற்பது சென்றிமீற்றர் வைக்கலாம். மேற்பரப்பு இருபத்து நான்கரைக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்தக் கொஞ்சத்தை ஆள் இறங்கும் ஓட்டை சரிக்கட்டிவிடும். கனவளவோ பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சம் லீற்றர்!

ஐம்பது வீட்டுக்குப் பத்தாயிரம் போதும். நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே விடை வந்தது. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே கிடையாது.

நடேசன் சேரின் நிபந்தனை

அடுத்த முறை அவர் வந்தபோது காகிதத்தை நீட்டினேன். அவர் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே வாசித்தார். பிறகு இறங்கினார். பிறகு சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்துத் தானும் போட்டுப் பார்த்தார்.

"கணக்குச் சரி பிள்ளை. ஆனா உருண்டைத் தாங்கி நான் படத்திலதான் பாத்திருக்கிறன். கட்டினதில்லை."

"நாங்க கட்டுறோம் சேர்."

"பிழைச்சுதெண்டா வேற சீமெந்து வராது. குழாயும் வராது. உங்கட பத்து வீட்டுக்கு மட்டுமில்லை, அந்த நாப்பது வீட்டுக்கும் தண்ணியில்லை. விளங்குதோ?"

விளங்கியது. சுற்றி நின்ற நாற்பது வீட்டுக்காரர்களுக்கும் விளங்கியது. அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"ரெண்டு தடவ கணக்குல கோட்டை விட்டவ பேச்சக் கேட்டு, கெடச்ச தண்ணியையும் விடணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பதில் சொன்னது அம்மா. கூட்டத்தில் வாயே திறக்காத மனுஷி. "எங்க பத்து வீட்டு ஆளுங்களும் உங்களோட கூட நின்னுதான மண்ணு வெட்டப்போறோம்? எங்களுக்குத் தண்ணி இல்லேன்னு சொல்லிட்டு, வேலைக்கு மட்டும் கூப்புட்டா நல்லாவா இருக்கும்?"

கடைசியில் தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, உருட்டுங்க" என்றார்.

கயிறு கைமாறியது

உருண்டைத் தாங்கி கட்டுவது நினைத்ததைவிட எளிது. நடுவில் ஒரு முளை அடித்து, அதில் ஆரை நீளத்துக்குக் கயிறு கட்டவேண்டும். கயிற்றை எந்தப் பக்கம் இழுத்தாலும் அதன் நுனி தொடும் இடம் சுவர். கீழ்ப் பாதிக்கு மண்ணை அப்படியே கிண்ணமாகக் குடைய வேண்டும். மேல் பாதிக்கு மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கட்டி, வலை போட்டு, சாந்து பூச வேண்டும்.

கயிற்றை அளந்து வெட்டியது நான். குழி தோண்டியது பக்கத்து வீட்டு வீரையா மாமா. மண்வெட்டி அவர் கையில் கரண்டி மாதிரி விளையாடும். தோண்டிய கிண்ணத்தைச் சீவி ஒப்பமாக்கியது சோமபால பாஸ். சாந்து குழைக்கத் தண்ணீர் சுமந்தது பெண்கள், பீலியிலிருந்து, அந்த இருநூறு படி ஏறி.

மாலை வேலை முடிந்து, களைப்போடு களைப்பாக, சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் வேலை நடந்தது. குழிக்குள் இறங்கிக் கூவினால் குரல் சுற்றிச் சுற்றி வரும். அதற்காகவே சிலர் இறங்கினார்கள்.

கீழ்ப் பாதி முடிந்து மேல் பாதிக்கு வலை கட்டும்போது வலை போதவில்லை. உச்சி வரைக்கும் வராமல் நடுவில் நின்றுவிட்டது.

"பாத்தீங்களா, குடுத்தவங்க கழிச்சிட்டாங்க" என்றார் வீரையா மாமா.

எல்லாரும் ஆமோதித்தோம். இரண்டு நாள் அந்த நிறுவனத்தை வாய் வலிக்கத் திட்டினோம். தப்பு எங்கள் பக்கம் இருக்கலாமென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வலை இருக்கிற வரைக்கும் பூசுவோம், மிச்சத்துக்குப் பழைய வலை தேடுவோம் என்று முடிவெடுத்தோம். அதற்குப் பிறகுதான் பாஸ் மேலேயிருந்து கத்தியது.

தாங்கிக்குள் ஒரு விசாரணை

வலையும் அங்கே நின்றது. சீமெந்தும் அதே இடத்தில் நின்றது. இரண்டையுமா சரியாக அந்த இடத்தில் கழித்திருப்பார்கள்?

தையல் நாடாவைக் கொண்டுவரச் சொன்னேன். நடு முளையிலிருந்து சுவருக்குப் பிடித்தேன். ஒரு மீற்றர் அறுபது. நாடா பொய் சொல்கிறதென்று மறுபக்கம் பிடித்தேன். அங்கேயும் அறுபது.

இருபது சென்றிமீற்றர் கூடியிருக்கிறது! ஒரு சாண் அளவுதானே என்று தோன்றும். உருண்டை அப்படி விடாது. ஆரை ஒரு சாண் கூடினால் தோல் எல்லாப் பக்கமும் சேர்ந்து விரியும். மனக்கணக்காகப் போட்டேன். மேற்பரப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. இதற்குப் பதினாறு மூட்டை வேண்டும். இருந்தது பன்னிரண்டு.

"வீரையா மாமா, கயிறு எவ்வளவு நீளம் வச்சீங்க?"

மேலே விளிம்பில் அவர் தலை தெரிந்தது. "நீ குடுத்த கயிறுதான்."

"சத்தியமா?"

"கயிறு நீ குடுத்ததுதான். தோண்டும்போது… ஒரு நாலு வெரக்கடை தள்ளி வெட்டுனேன். எது குடுத்தாலும் கழிச்சிருவாங்கல்ல? அதான்."

சோமபால பாஸின் தலையும் தெரிந்தது. அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சீவும்போது அவரும் ஓர் உள்ளங்கை அகலம் சேர்த்துச் சீவியிருக்கிறார். பேரப்பிள்ளைகள் எடுத்த வயதில் இருவரும் பிடிபட்ட பிள்ளைகள் மாதிரித் திருதிருவென்று முழித்தார்கள்.

அவர்களைத் திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கயிற்றை வெட்டும்போது நானும் ஐந்து சென்றிமீற்றர் கூட வைத்துத்தான் வெட்டினேன்.

ஏன் வைத்தேன்? எங்கள் கைப்பழக்கம் அது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள், ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள், முற்றல் இலைக்கென்று கொஞ்சம். காய்கிற வெயிலில் பறித்த கொழுந்துக்கும் ஈரம் கழியும். அதனால் இங்கே எந்தப் பெண்ணும் சாக்கைக் கட்டுவதற்கு முன் இன்னொரு பிடி கொழுந்தை அமுக்கித்தான் கட்டுவாள். அளந்து கொடு என்றால் எங்கள் கை தானாகவே கூட்டிக் கொடுத்துவிடும். பக்கத்துக் கிராமத்து பாஸுக்கும் எங்களோடு வேலை செய்தே அது தொற்றிவிட்டது. இந்தத் தடவை கழிக்க யாரும் வரவில்லை. மூன்று பேர் கூட்டியதும் அப்படியே நின்றுவிட்டது.

நான் தாங்கிக்குள் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன். ஐம்பது வீட்டுத் தண்ணீர் என் தலையில் விழுந்துவிட்டது.

எழுதாத சூத்திரம்

பூசிய சாந்து வெடிக்காமலிருக்க இரண்டு வாரம் ஈரச் சாக்குப் போட்டு வைக்க வேண்டும். பெண்கள் அதற்கும் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். கீழ் லயத்துக்காரிகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு விஷயம் மட்டும் மனதுக்குள் குறுகுறுத்தது. உருண்டை பெருத்துவிட்டதே, அப்படியானால் உச்சி இல்லாவிட்டாலும் தண்ணீர் நிறையப் பிடிக்காதா? முழு உருண்டையென்றால் பதினேழாயிரம் லீற்றர். ஆனால் தலை வெட்டிய உருண்டைக்கு என் புத்தகத்தில் சூத்திரம் இல்லை. முழுக் கோளம் இருந்தது, அரைக் கோளம் இருந்தது. எங்களுடையது முக்காலும் அரைக்காலுமாக ஒரு கோளம். யாரிடம் போய்க் கேட்பது?

சனிக்கிழமை ஊற்றுக் குழாய் வந்தது. ஆண்கள் அன்றே காட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிட்டார்கள். ஞாயிறு காலை நடேசன் சேர் வந்தார். தாங்கியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எட்டி உள்ளே பார்த்தார்.

"மூடி எங்கை?"

நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நாலு விரக்கடையும் உள்ளங்கையும் ஐந்து சென்றிமீற்றரும். அவர் முகம் சிவந்தது.

"நான் மேலிடத்தோட சண்டை பிடிச்செல்லோ உமக்கு இதை எடுத்துத் தந்தனான்?"

"தண்ணிய விட்டுப் பாருங்க சேர்" என்றேன். "பத்தாயிரம் பிடிக்காட்டி நீங்க சொல்றபடி."

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வீரையா மாமாவிடம் கொடுத்தார்.

கரிக்கோடுகள்

ஊற்றுக் குழாய் இருபது லீற்றர் கானை நிரப்ப நாற்பது செக்கன் எடுத்தது. அப்படியென்றால் பத்து நிமிடத்துக்கு முந்நூறு லீற்றர். பத்து நிமிடத்துக்கு ஒரு கோடு. முப்பத்து நாலு கோடு வந்தால் பத்தாயிரம் தாண்டிவிடும். ஒரு தகரத்தைச் சாத்தி வைத்தோம். கரித்துண்டு தங்கச்சி கையில். ஏழு மணிக்குத் தண்ணீரை விட்டோம்.

முதலில் பத்துப் பேர் நின்றோம். ஒன்பது மணிக்குத் தோட்டமே அங்கே இருந்தது. கோயிலுக்குப் போனவர்கள் திருநீறோடு வந்து நின்றார்கள். அம்மா ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுவந்து நடேசன் சேருக்கு நீட்டினார். உறைப்பில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "இந்தத் தண்ணியையும் கணக்குல சேருங்க" என்று யாரோ சொல்ல, அவரே சிரித்துவிட்டார்.

கீழ்க் கிண்ணம் மெதுவாக நிரம்பியது. எங்காவது கசிகிறதா என்று வீரையா மாமா தவழ்ந்து தவழ்ந்து பார்த்தார். ஓரிடத்தில் ஈரம். விரலால் தொட்டுப் பார்த்தால் அது அவர் வியர்வை.

இருபதாவது கோடு. இருபத்தைந்தாவது கோடு. தண்ணீர் தொப்பையைத் தாண்டி மேலேறியது. முப்பது. குழாய் ஊற்றும் சத்தம் மட்டும். முப்பத்து மூன்று. தங்கச்சி கரியைத் தகரத்தில் வைத்தபடி வீரையா மாமாவைப் பார்த்தாள். மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

"போடு!"

முப்பத்து நாலு.

நான் ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கும் விளிம்புக்கும் நடுவில் இன்னும் கிட்டத்தட்ட இரண்டடி இருந்தது.

அப்போது எழுந்த சத்தம் அணைக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். கீழ் லயத்துக்காரி, அந்தக் கோட்டை விட்ட கதை சொன்னவள்தான், என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சோமபால பாஸ் வீரையா மாமாவைத் தூக்கப் போய் இருவரும் விழுந்தார்கள். நான் என்ன செய்தேனென்று எனக்கு நினைவில்லை. நடேசன் சேரின் கையைப் பிடித்து ஆட்டினேன் என்று தங்கச்சி சொல்கிறாள். அப்படிச் செய்திருந்தால் மன்னிக்கட்டும்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று மணி தாண்டித்தான் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. கோடுகளைக் கூட்டினால் பதினாலாயிரத்துக்கு மேல்.

"தாங்கி பிழை. தண்ணி சரி" என்றார் நடேசன் சேர். "இதை நான் என்னெண்டு எழுதுறது?"

"தண்ணிய மட்டும் எழுதுங்க சேர்" என்றார் தலைவர். அவரே பட்டியலை வாங்கி, நாற்பதுக்குக் கீழே எங்கள் பத்து வீட்டுப் பெயரையும் எழுதினார். மாட்டுப்பட்டிக்கு வாங்கி வைத்திருந்த பத்தடித் தகரங்களைக் கொண்டுவந்து தாங்கியின் திறந்த தலைக்கு மூடியாகப் போட்டவரும் அவர்தான். கோபமெல்லாம் எனக்கு அன்றோடு போயிற்று.

அந்த வருடப் பரீட்சையில் கோளம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. கூம்பு வந்தது. எப்படியோ ஏறிவிட்டேன்.

முதல் விடியல்

ஒரு மாதம் கழித்துக் குழாய் பூட்டி முடித்தார்கள். எங்கள் வாசலிலிருந்து எட்டு அடி தள்ளி ஒரு பைப். முதல் நாள் மாலை பத்து வீட்டாரும் அதைத் திறந்தும் மூடியும் விளையாடித் தீர்த்தோம்.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு அம்மா வழக்கம்போல் எழுந்தார். குடங்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். மூன்று குடமும் நிரம்பியிருந்தது. ரொட்டிக்கு மாப் பிசைந்து மூடி வைத்தார். அடுப்பைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"இப்ப என்னா செய்யிறது?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. "கொஞ்சம் படுங்கம்மா" என்றேன்.

"ஆமா, படுக்குறாங்க" என்று சலித்துக்கொண்டே பாயில் சாய்ந்தார். நான் விளக்கை அணைத்தேன். தங்கச்சியும் நானும் சத்தம் போடாமல் ரொட்டி சுட்டோம்.

வெளியே வெளுத்துவிட்டது. பறவைகள் கத்தத் தொடங்கிவிட்டன. அம்மா வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். விடிந்த வெளிச்சத்தில் அம்மாவின் தூங்குகிற முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரட்டுக்குக் கால் மணி நேரம் இருக்கும்வரை நாங்கள் இருவரும் அவரை எழுப்பவில்லை.